பாஸ்வேர்ட் சரி... ஆனாலும் மறுபடி லாகின் திரையே வருதா? லினக்ஸை ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்க!

உபுண்டு, லினக்ஸ் மின்ட் பயன்படுத்துபவர்கள் பலரும் ஒருமுறையாவது சந்திக்கும் சிக்கல் இது. பாஸ்வேர்டை சரியாக அடித்து என்டர் தட்டினால், திரை ஒரு நொடி கருப்பாகி, மறுபடி லாகின் பக்கமே வந்து நிற்கும். இதற்குப் பெயர் ‘லாகின் லூப்’. ஃபைல் எல்லாம் போச்சு என்று பதறி பலர் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். ஆனால், பெரும்பாலும் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும்.

பாஸ்வேர்ட் தவறா, லூப்பா?

‘பாஸ்வேர்ட் தவறு’ என்று செய்தி வந்தால் அது லூப் அல்ல. கேப்ஸ் லாக், கீபோர்டு மொழி இரண்டையும் பாருங்கள். தமிழ்99 தேர்வாகி இருந்தால் ஆங்கில பாஸ்வேர்ட் ஏறாது. எந்தச் செய்தியும் இல்லாமல் திரும்பி வந்தால், பாஸ்வேர்ட் சரி. டெஸ்க்டாப்தான் தொடங்க முடியாமல் நிற்கிறது.

உள்ளே போவது எப்படி?

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனும் சேர்த்து அழுத்த வேண்டும். எழுத்து மட்டும் உள்ள கருப்புத் திரை வரும். அதில் யூசர் பெயர், பாஸ்வேர்ட் கொடுங்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. அது இயல்புதான்.

முக்கிய காரணங்கள் 3

1. டிஸ்க் நிரம்பியிருக்கலாம்: லாகின் ஆகும்போது சிறு ஃபைல்களை எழுத இடம் வேண்டும். ‘டிஎஃப்’ என சின்ன எழுத்தில் அடித்து, இடம் விட்டு மைனஸ், ஹெச் போட்டால் மீதி இடம் தெரியும். 100% என்று காட்டினால், ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கட்டளை மூலம் பழைய இன்ஸ்டால் ஃபைல்களை நீக்கலாம்.

2. ஃபைல் உரிமை மாறியிருக்கலாம்: ‘சூடோ’ போட்டு டெஸ்க்டாப் ஆப்களைத் திறந்தால், ஹோம் ஃபோல்டரில் உள்ள சில ஃபைல்கள் ‘ரூட்’ பெயருக்கு மாறிவிடக்கூடும். மின்ட்டில் பெரும்பாலும் சிக்குவது, புள்ளியில் தொடங்கும் ‘எக்ஸ்அத்தாரிட்டி’ ஃபைல். இதை ‘எம்வி’ கட்டளையால் வேறு பெயருக்கு மாற்றினால் போதும். அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும்.

3. அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய சிக்கல்: என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் புதிய கெர்னலோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ரீஸ்டார்ட் செய்யும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று பழைய கெர்னலைத் தேர்வு செய்து பாருங்கள். உபுண்டு லாகின் திரையில் பாஸ்வேர்ட் கேட்கும்போது கீழே வரும் பல்சக்கர ஐகானில் வேலண்ட், எக்ஸ்ஆர்க் என இரண்டும் இருந்தால், மாற்றியும் பார்க்கலாம்.

எதுவும் தெரியலையா? ‘சூடோ ஆட்யூசர்’ மூலம் புது யூசர் ஒன்றை உருவாக்குங்கள். அதில் லாகின் ஆனால், கோளாறு உங்கள் கணக்கின் செட்டிங்கில். அதிலும் ஆகவில்லை என்றால் டிரைவர் அல்லது சிஸ்டத்தில்.

லாக் அவுட் ஆகாமல் நின்றால்?

சேவ் செய்யாத ஃபைல் ஏதாவது ஆப்பில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரையே கருப்பாக நின்றால், மேலே சொன்ன எழுத்துத் திரைக்குச் சென்று, ‘சூடோ ரீபூட்’ கொடுக்கலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைவிட இது பாதுகாப்பானது. ஆனால், சேவ் செய்யாத வேலை போய்விடும்.

கடைசி வழி

ஒன்றும் சரிவரவில்லை என்றாலும் உடனே ஃபார்மட் வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில் உபுண்டு பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்து ‘ட்ரை உபுண்டு’ கொடுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே பழைய டிஸ்க் திறக்கும். டிஸ்க் என்க்ரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்ட் தேவை. போட்டோ, ஆவணங்களை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபார்மட் பற்றி யோசியுங்கள்.