விழிக்குள் ஒரு வில்லை

இரண்டாம் உலகப் போரில் சிதறிய விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் விழிக்குள் தங்கியும் அழற்சி உண்டாக்காததை இலண்டன் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று, அதே வகைப் பொருளாலான செயற்கை வில்லையைப் புனித தாமஸ் மருத்துவமனையில் ஒரு கண்புரை நோயாளிக்குப் பொருத்தினார். மூத்த மருத்துவர் பலர் அதனை நெடுங்காலம் எதிர்த்தனர்.

அந்நாளில் புரை படர்ந்த வில்லையை அகற்றியபின் தடித்த மூக்குக்கண்ணாடியே கதி. அது உடைந்தாலோ தொலைந்தாலோ, அறுவை செய்துகொண்டவருக்கு உலகம் மீண்டும் மங்கிவிடும். இந்தியாவின் எளியோரிடையே இந்நிலை 1990கள் வரையிலும் தொடர்ந்தது. உள்விழி வில்லைகள் பெரும்பாலும் இறக்குமதியாகவே வந்தன. ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டியிருந்தது.

மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் உற்பத்தி நிறுவனமான அரோலேப் 1992-இல் உருவாகி, வில்லைகளை உள்நாட்டிலேயே செய்தது. காலப்போக்கில் விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது.

இலண்டன் அறுவைக்கும் இந்திய ஏழையின் பார்வைக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன: முதலில் ஐயத்தால், பின்னர் விலையால். மருத்துவ வரலாறு ஒரு கருவி பிறந்த ஆண்டோடு அது எளியோரை எட்டிய ஆண்டையும் பதிய வேண்டும்.