இரணைதீவுக் கத்தோலிக்கச் சமூகம்

இரணைதீவு கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. பெரியதீவு, சின்னத்தீவு என்னும் இரு தீவுகள் கொண்டது. இங்கு வாழ்ந்தோர் தமிழ்க் கத்தோலிக்கர். மீன், நண்டு, கடலட்டை பிடிப்பது அவர்கள் தொழில்.

1992இல் போர்ச் சூழலால் தீவு முழுவதும் காலியானது. மக்கள் எதிர்க்கரையில் முழங்காவிலுக்கு அருகே குடியேறினர். அவ்விடம் இரணைமாதாநகர் ஆயிற்று. வடபுலக் கரையோரங்களில் கத்தோலிக்கப் பங்கு வழிபாட்டுக்கு மட்டும் உரியதன்று. திருநாள் செலவைப் பகிர்வதும் சாவீட்டில் முன்னிற்பதும் ஊர்ப் பிணக்கைத் தீர்ப்பதும் அதன் வழியாகவே நடக்கும். தீவை இழந்தவர்கள் ஓர் ஊராகவே நிலைத்ததற்கு இந்தப் பிணைப்பே முதற் காரணம் எனலாம். போரின் இறுதிக் கட்டத்தில் இரணைமாதாநகரையும் விட்டு மக்கள் ஓட வேண்டியிருந்தது.

இப்படி இடம்பெயர்வது வன்னிக்குப் புதிதன்று. 1670இல் ஒல்லாந்தரின் அடக்குமுறைக்கு அஞ்சி மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் சென்றதாக மரபு கூறுகிறது. மடுத் திருத்தலம் அவ்வாறு உருவானது. 2008 ஏப்ரலில் அதே சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டி ஆலயத்தை அடைந்தது. ஆகஸ்டில் மடு திரும்பியது. இம்மண்ணில் விசுவாசம் மறையுரைகளால் வளர்ந்ததைவிட, சேர்ந்து ஓடியும் சேர்ந்து திரும்பியும் வளர்ந்ததே அதிகம்.

போர் முடிந்து மக்கள் இரணைமாதாநகருக்குத் திரும்பிய பின்னும் தீவில் கடற்படை நிலைகொண்டிருந்தது. குடியேற அனுமதி கிடைக்கவில்லை. 2017 மே 1இல் இரணைமாதாநகரில் தொடர் போராட்டம் தொடங்கியது. முன்னின்றவர்களில் பெண்கள் பலர். குருக்களும் உடன் நின்றனர். ஏறத்தாழ ஓராண்டு கடந்தும் முடிவு வராததால், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் மக்கள் தாமாகவே தீவில் இறங்கினர். முதலில் சென்றது சிதைந்து கிடந்த ஆலயத்துக்கு. செபித்தபின் அங்கேயே தங்கினர். அடுத்த மாதம் அரசு மீள்குடியேற்றத்துக்கு இசைந்தது. தலைவர் எவரும் பெற்றுத் தராத உரிமையை ஒரு பங்கு மக்கள் தாமே வென்றெடுத்தமை வன்னியின் அண்மைக்கால வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

2021 மார்ச்சில் கொவிட் தொற்றால் இறந்தோரை இரணைதீவில் அடக்கம் செய்ய அரசு முடிவெடுத்தது. மக்களும் குருக்களும் எதிர்த்தனர். அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன. மீள்குடியேற்றத்துக்குப் பின்னும் பல குடும்பங்கள் தொழிலுக்குத் தீவையும், பிள்ளைகளின் படிப்புக்கு இரணைமாதாநகரையும் நம்பி இரு கரைகளிலும் வாழ்கின்றன.