நாற்பத்தைந்து கையெழுத்துகள்

1964ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கத் தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் தலைவர்கள் கூடி ஓர் எண்ணைப் பற்றி வாக்களித்தார்கள். அந்த எண் 140. வாக்கெடுப்பு முடிந்ததும் ஜார்ஜியா டெக் கல்லூரியின் தலைவர் எட்வின் ஹாரிசன் எழுந்து, தம் கல்லூரி தென்கிழக்குக் கூட்டமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 1932இல் அக்கூட்டமைப்பு தோன்றியபோதே அதில் இருந்த கல்லூரி அது.

இங்கே பேசப்படுவது நாம் அறிந்த கால்பந்து அல்ல. பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் நீள்வட்டப் பந்துக்கு அமெரிக்கர்கள் ஏன் அப்பெயர் வைத்தார்கள் என்பது வேறு கதை. அந்த ஆட்டத்தின் கல்லூரி வடிவம் அங்கே லட்சம் பேர் அமரும் அரங்குகளை நிரப்புவது. ஆடுகிறவர்களோ பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரையிலான மாணவர்கள். அன்று அவர்களுக்குக் கூலி கிடையாது. கல்விக்கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவை அடங்கிய உதவித்தொகை மட்டுமே இருந்தது. பல குடும்பங்களில் கல்லூரிக்குச் செல்ல அதுவே ஒரே வழியாக இருந்தது. எனவே ஒரு பள்ளிச் சிறுவன் இடும் கையெழுத்து நான்காண்டுப் படிப்புக்கான வாக்குறுதி என்றே வீட்டில் புரிந்துகொள்ளப்பட்டது.

கூட்டமைப்பின் விதி சொன்னது இதுதான்: ஒரு கல்லூரி ஆண்டுக்கு 45 கால்பந்து வீரர்களை ஒப்பந்தம் செய்யலாம்; ஆனால் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் சேர்த்து மொத்த உதவித்தொகைகள் 140ஐத் தாண்டக்கூடாது. நாற்பத்தைந்தை நான்கால் பெருக்கினால் 180 வருகிறது. மீதி நாற்பது பேர், கூடைப்பந்துக்காரர்களையும் கணக்கிட்டால் இன்னும் அதிகமானோர், எங்கே போவார்கள் என்று விதி சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போயாக வேண்டும் என்பதை அந்தப் பெருக்கல் சொல்லிவிட்டது.

ஜார்ஜியா டெக்கின் பயிற்சியாளர் பாபி டாட் இக்கணக்கை ஏற்கவில்லை. அவர் ஆண்டுக்கு முப்பது, முப்பத்திரண்டு பேரைத்தான் எடுப்பார். ஆட்டத்தில் சோபிக்காதவனையும் அவர் வெளியேற்றுவதில்லை. அவன் பட்டம் பெறும்வரை அந்த இடம் அவனுடையதே. பொறியியல் கல்லூரி என்பதால் பாடங்களும் கடினம். 1945 முதல் 1966 வரை பயிற்சியாளராக இருந்து 165 வெற்றிகளைப் பெற்றவர் அவர். தோல்வியாளரின் புலம்பல் என்று அவருடைய எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. மற்ற கல்லூரிகள் 45 பேரை எடுத்து, ஓராண்டு ஆடவைத்துப் பார்த்து, தேறாதவர்களை ஏதோ ஒரு வழியில் விலகச்செய்தன என்பதே அவருடைய குற்றச்சாட்டு. உதவித்தொகை என்ற பெயரில் நடப்பது வெறும் தேர்வு முகாம் என்றார் அவர்.

எதிர்முனையில் அலபாமாவின் பால் 'பேர்' பிரையன்ட். ஆறு தேசியப் பட்டங்களை வென்றவர். அம்மாநிலத்தில் அவர் பெயர் ஏறத்தாழ ஒரு வழிபாட்டுச் சொல். 1961இல் ஓர் ஆட்டத்தில் அலபாமா வீரர் ஒருவர் தாக்கி ஜார்ஜியா டெக் வீரரின் முகவெலும்புகள் உடைந்ததிலிருந்தே இரு கல்லூரிகளுக்கும் இடையே கசப்பு முற்றியிருந்தது. எனினும் அலபாமாவின் வாக்கைத் தம் பக்கம் பெற்றுத் தருவதாகப் பிரையன்ட் உறுதியளித்திருந்தார் என்பது டாட் தரப்பின் கூற்று. வாக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. விதி நிலைத்தது.

மறுதரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. பதினெட்டு வயதுப் பையன்களில் சிலர் படிப்பில் தோற்பார்கள், சிலர் வீட்டு ஏக்கத்தில் திரும்புவார்கள். நாற்பத்தைந்து பேரை எடுத்தால்தான் முப்பது பேர் மிஞ்சுவார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தானாக உதிர்வதும் பிடித்து உலுக்குவதும் ஒன்றல்ல. டாட்டின் ஆட்சேபம் உலுக்குவதைப் பற்றியது.

இச்சிக்கலின் வேர் இன்னும் பழையது. 1929இல் கார்னகி அறக்கட்டளையின் அறிக்கை, ஆராய்ந்த கல்லூரிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கில் விளையாட்டு வீரர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் பணம் போய்க்கொண்டிருந்ததைக் காட்டியது. தென்கிழக்குக் கூட்டமைப்பு 1935இல் உதவித்தொகையை வெளிப்படையாக்கியது. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1948இல் 'சேனிட்டி கோட்' என்ற விதித்தொகுப்பால் இதைக் கட்டுப்படுத்த முயன்றது. மீறிய ஏழு கல்லூரிகளை 1950இல் வெளியேற்ற முனைந்தபோது பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த விதிகள் கைவிடப்பட்டன. 1956இல் சங்கமே விளையாட்டுத் திறனுக்கான உதவித்தொகையை நாடு முழுவதற்கும் அனுமதித்தது.

நாடு தழுவிய எண்ணிக்கை வரம்பு 1973இல்தான் வந்தது: ஆண்டுக்கு 30, மொத்தம் 105. பின்பு எழுபதுகளின் இறுதியில் மொத்தம் 95; 1992இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து 1994இல் 85. ஆண்டு வரம்பும் 25 ஆயிற்று. சமவாய்ப்பு என்ற சொல் அப்போது அதிகம் பேசப்பட்டது. சிறிய கல்லூரிகளுக்கு அதனால் நன்மையும் விளைந்தது. ஆனால் செலவைக் குறைப்பதே முதல் நோக்கம் என்று கருதவே எனக்குத் தோன்றுகிறது. காரணம், அதே 1973இல் இன்னொரு மாற்றமும் வந்தது. நான்காண்டு உதவித்தொகை, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய ஓராண்டு உதவித்தொகையாயிற்று. வாசலைச் சுருக்கிய அதே கை, உள்ளே வந்தவனை வெளியே அனுப்பும் கதவையும் திறந்து வைத்தது. பல்லாண்டு உதவித்தொகையை வழங்கும் அனுமதி மீண்டும் வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

இவ்விரண்டும் சேர்ந்தபோது, டாட் சொன்ன பழைய பெருக்கல் புதிய எண்களோடு திரும்பியது. பிப்ரவரியில் இடமிருப்பதைவிட அதிகம் பேரிடம் கையெழுத்து வாங்குவது. ஆகஸ்டுக்குள் 85க்குக் கொண்டுவருவது. வழிகள் பல. ஒருவனை வேறு கல்லூரிக்கு மாறச்சொல்லலாம். காயத்தைக் காரணம் காட்டி ஆட்டக் கணக்கிலிருந்து நீக்கலாம். புதிதாக வருபவனை ஜனவரிவரை காத்திருக்கச் சொல்லலாம். இதற்கு 'கிரேஷர்ட்' என்று பெயர். அந்தப் பையன் மற்ற அழைப்புகளை எல்லாம் மறுத்துவிட்ட பிறகு, கல்லூரி திறக்கும் நேரத்தில் இச்செய்தி வந்தால் அவன் எங்கே போவான்?

2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கியபோது அவர் எந்த விதியையும் மீறவில்லை. 25 என்பது அவ்வாண்டு உதவித்தொகையில் சேர்வோருக்கான வரம்பே தவிர, கையெழுத்துக்கானது அல்ல. அதன்பின் தென்கிழக்குக் கூட்டமைப்பு கையெழுத்துகளுக்கு 28 என்று வரம்பு கட்டியது. 2011இல் அதை 25ஆகக் குறைத்தது. அதே 2011இல், அக்கூட்டமைப்பைச் சேர்ந்த ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் தலைவர் பெர்னி மேச்சன் இவ்வழக்கத்தை ஒழுக்கக்கேடு என்றே பகிரங்கமாக எழுதினார். வடக்கே பிக் டென் கூட்டமைப்பு 1956லேயே இதைத் தடுத்திருந்தது.

டாட் மறைந்தது 1988இல். அவர் கல்லூரியின் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். விலகிய ஜார்ஜியா டெக் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குத் திரும்பவேயில்லை. பிற்பாடு அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்துகொண்டது.

ஆண்டுக்கு 25 என்ற வரம்பும் நிலைக்கவில்லை. மாணவர்கள் தாராளமாகக் கல்லூரி மாறத் தொடங்கியதும் 2022இல் அது தளர்த்தப்பட்டது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த உடன்பாடு, அதை ஏற்கும் கல்லூரிகளுக்கு 85 என்ற உதவித்தொகை வரம்பையே நீக்கி, அணியின் மொத்த அளவுக்கு வரம்பு வைத்தது. அந்த எண் 105. 1973இன் அதே எண். ஆனால் அன்று அது உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கை, இன்று அணியில் இருப்போர் அனைவரின் எண்ணிக்கை. உதவித்தொகை இல்லாமல், விருப்பத்தால் மட்டுமே அணியில் இருந்த மாணவர்கள் இதில் அடிபட்டார்கள். உடன்பாடு உறுதியாகும் முன்பே பல கல்லூரிகள் அவர்களை நீக்கத் தொடங்கியிருந்தன. இக்காரணத்துக்காகவே நீதிபதி ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்திவைத்தார். பிறகு, அப்படி நீக்கப்பட்டவர்களை 105இல் கணக்கிடாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு திருத்தப்பட்டது. சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பத்துக்கு விடப்பட்டது.