பெட்ரோல் மாறியது, பழைய வண்டி மாறவில்லை

நம் கார் நிறுத்துமிடத்தில் இன்னும் நாலைந்து பழைய வண்டிகள் நிற்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1990களில் திண்டிவனம் கிளையில் வேலை பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பத்மினி கார் இருந்தது. ஒரு மழை இரவில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல். ஜிப்மருக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டேன். கிளியனூர் தாண்டுவதற்குள் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வந்த ஒரு வேன்காரர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அப்பா பிழைத்தார். மறுநாள் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றினால் தண்ணீரும் கிருஷ்ணாயில் வாடையும்!

அன்றிலிருந்துதான் பெட்ரோலின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் கலவை ஈயம். 1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில், ஈயச் சேர்மம் கலந்தால் இன்ஜின் 'நாக்கிங்' நிற்கும் என்று தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். வால்வு உட்காரும் இடம் தேயாமலும் அது காத்தது. அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு எல்லாம் ஈயப் பெட்ரோல் காலத்து வண்டிகள். ஆனால் அந்தப் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது.

இரண்டாவது, கள்ளக் கலவை. ரேஷன் மண்ணெண்ணெய் அப்போது மானிய விலையில் கிடைத்தது, பெட்ரோல் அதைவிடப் பல மடங்கு. அந்த வித்தியாசம்தான் கலப்படக்காரரின் லாபம். கண்டுபிடிக்க அரசு நீலச் சாயம் கலந்தது, அப்படியும் ஓயவில்லை. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசம் லக்கீம்பூர் கேரியில், கலப்பட பங்க்கைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015-ல் உறுதி செய்தது.

மூன்றாவது, எத்தனால். விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு லோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்தும் எத்தனால் காய்ச்சலாம். இது புது யோசனை இல்லை. பெட்ரோலில் ஆல்கஹால் கலக்க 1948-லேயே சட்டம் வந்தது. 2003-ல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் 5 சதவீதம், 2022-ல் 10, 2025-ல் 20 என்று ஏறியது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அதிகம் சேர்ந்தால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்கிறது.

"பாட்டில் மருந்து ஊற்றினால் சரியாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். தண்ணீர் புகுந்த டேங்க்கை எந்த அடிட்டிவும் சுத்தம் செய்யாது, வடித்துத்தான் ஆகவேண்டும். பழைய கார்களுக்கு கம்ப்ரெஷன் குறைவு, ஆக்டேன் பூஸ்டர் பெரும்பாலும் வீண்செலவு. வால்வு சீட்டைக் கடினமான உலோகத்தில் மாற்றிவிட்டால் ஈயத்துக்கு மாற்று மருந்தும் வேண்டாம். அந்தக் காசில் ரப்பர் குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். மாதக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். கூட்டம் அதிகமுள்ள பங்க்கில் போடுங்கள், பில் வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய வேண்டும். கறை தங்கினால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். அதைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சமாக இருந்தால், அந்த 27 வயதுப் பையனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.