கல்குட்டைத் தண்ணீர்

நேற்று பம்மல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைப் பார்த்தேன். கீழே பச்சை நிறத்தில் தண்ணீர். பார்த்ததும் பழைய ஞாபகங்கள் வந்துவிட்டன. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியின் வரலாறே பள்ளத்தில்தான் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு குழி. அதிலிருந்து வெளியே கொட்டிய செம்மண் சரளையில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது.

அடுத்தது நம் மலைக்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் பல்லாவரம் கல்லும் ஒரே வகை என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-ல் இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர். நமக்கோ அது வெறும் ஜல்லி.

ஜல்லியை முதலில் கையால்தான் உடைத்தார்கள். ஓலைத் தட்டி நிழலில் உட்கார்ந்து, சுத்தியலால் நாள் முழுக்க. பிறகு கிரஷர் வந்தது. அமெரிக்காவில் பிளேக் என்பவர் சாலை போடுவதற்காக உருவாக்கி 1858-ல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வாரிசு அது. இரண்டு தாடைகள், ஒன்று அசையாது, இன்னொன்று ஆடும். நடுவில் விழும் பாறை நொறுங்கிக் கீழே இறங்கும். சல்லடை அதை ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ், தூள் என்று பிரிக்கும்.

இந்த வேலையில் தண்ணீருக்கு இரண்டு முகம். தூசி அடங்கத் தெளிக்கத் தண்ணீர் வேண்டும். தெளிக்காவிட்டால் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் சிலருக்குத் தலைமுடியே சாம்பல் நிறத்தில் இருக்கும். அவர்களுடைய அப்பாக்கள் நாற்பது வயதிலேயே இருமிக்கொண்டிருப்பார்கள். ஆனால் குழிக்குள் தண்ணீர் நின்றால் வெடி வைக்க முடியாது. மழை நீரையும் பாறை இடுக்கில் கசியும் ஊற்றையும் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். குவாரியை மூடிய அன்று மோட்டாரும் நிற்கும். அப்புறம் ஒவ்வொரு மழைக்காலமும் குழியை நிரப்பும். சார்னோகைட் கெட்டியான பாறை, தண்ணீர் எளிதில் கசிந்து போகாது. யாரும் திட்டமிடாமலே ஓர் ஏரி உருவாகிவிடும்.

ஏரிக்குக் கரை உண்டு, சரிவு உண்டு. கல்குட்டைக்கு அது கிடையாது. ஓரத்தில் ஓர் அடி வைத்தால் ஆளே மூழ்கும் ஆழம். ஒரு கோடை விடுமுறையில் என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்படித்தான் போனான். நன்றாக நீந்துவான். ஏறி வரப் பிடிமானம் இல்லை. ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தது நான்தான். பூகோள வாத்தியாரான நான் அந்தப் பிள்ளைகளுக்கு நைல் நதியைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட குவாரிகள் மாநகரத்தின் கண்ணில் பட்டன. தண்ணீரைப் பரிசோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு சுமார் 3 கோடி லிட்டர் சென்னைக்கு அனுப்பினார்கள். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையிலும் குவாரித் தண்ணீர் கைகொடுத்தது. தாம்பரத்துக்கு மேற்கே எருமையூர்க் குட்டையும் சேர்ந்துகொண்டது.

அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, அந்தப் பையனின் முகமும் வந்தது. வறட்சி வந்தால் இவை நீர்த்தேக்கம், மழை வந்தால் குப்பைக்கிடங்கு என்று நினைக்கிறோம். நீர்த்தேக்கம் என்றால் எல்லா நாளும் அப்படித்தான் நடத்த வேண்டும். வேலி, காவல், எச்சரிக்கைப் பலகை, குப்பை கொட்டத் தடை. பெரிய செலவில்லை.

கோடை விடுமுறை வரப்போகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உங்கள் தெருவுக்குப் பின்னால் குட்டை இருந்தால், அதன் கதையைக் கீழே எழுதுங்கள்.