மகல் இராணுவ வைத்தியசாலையும் மனவடுக் கல்வியின் தோற்றமும்

உடலிற் பட்ட காயத்தைப் பற்றிய அறிவு போருக்குப் போர் வளர்ந்து வந்துள்ளது. சத்திரசிகிச்சையும் இரத்தமேற்றும் முறையும் போர்க்களங்களிலே பெற்ற அனுபவத்தால் முன்னேறியவை. ஆயின், உள்ளத்திற் பட்ட காயமாகிய மனவடுவைப் பற்றிய அறிவு அவ்வாறு வளரவில்லை. அது ஒரு போரிலே பெறப்பட்டு, சமாதான காலத்திலே கைவிடப்பட்டு, அடுத்த போரிலே புதிதாகத் தேடப்பட்டது. இதற்குக் காரணம் யாது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, முதலாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அண்மையிலுள்ள மகல் என்னும் சிற்றூரில் நடைபெற்ற பயிற்சிநெறியொன்றின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1914 ஆம் ஆண்டு ஆகஸ்டில் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே விசித்திரமான நோயாளர்கள் வைத்தியசாலைகளை வந்தடையலாயினர். உடலில் யாதொரு காயமுமின்றிச் சிலர் பேச்சிழந்தனர், சிலர் பார்வையிழந்தனர், வேறு சிலர் ஓயாது நடுங்கினர். உளவியலாளரான சாள்ஸ் மயேர்ஸ், இத்தகைய நோயாளர் மூவரைப் பற்றி 1915 பெப்ரவரியில் 'லான்செற்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலே 'ஷெல் அதிர்ச்சி' என்ற தொடரைக் கையாண்டார். ஷெல் வெடிக்கும்போது ஏற்படும் அதிர்வே மூளையைத் தாக்குகின்றது என்பது அக்காலத்திற் பலர் கொண்டிருந்த கருத்து. ஆனால் வெடிப்புக்கு அருகே செல்லாதவர்களிடத்தும் அதே குறிகள் காணப்பட்டமையால் அவ்விளக்கம் நிலைக்கவில்லை. காரணம் மூளையில் அன்று, உள்ளத்தில் உள்ளது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

இவ்வினா வெறும் மருத்துவ வினாவன்று. அச்சத்தால் நடுங்கும் போர்வீரன் நோயாளியா அல்லது கோழையா என்பதிலேயே அவனுடைய உயிர் தங்கியிருந்தது. களத்தைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய இராணுவக் குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பிரித்தானிய, பொதுநலவாயப் படையினருக்கு 2006 ஆம் ஆண்டிலேதான் சட்டமூலம் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் மனவடுவுற்றோரும் இருந்தனர் என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஒருவனைப் பரிசோதித்த வைத்தியருக்கு உள்ளத்தின் நோயை இனங்காணத் தெரியாதவிடத்து, அவரது அறியாமைக்கு அந்நோயாளியே விலைகொடுக்க நேர்ந்தது.

மகலிலே புதிதாகக் கட்டப்பட்டிருந்த மொஸ் சைட் நிலையம் 1914 இன் இறுதியில் இராணுவத்தின் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பொறுப்பாளராக விளங்கியவர் ஆர். ஜி. றோஸ் என்னும் உளமருத்துவர். வேறிடங்களிற் சில வைத்தியர்கள் மின்சாரம் பாய்ச்சியும் அதட்டியும் நோய்க்குறிகளை நீக்க முயன்ற காலத்திலே, றோசும் அவருடைய துணைவரும் நோயாளியோடு உரையாடினர். அவனுடைய கனவுகளைக் கேட்டனர். மறக்க முயலும் நினைவுகளே அவனை வருத்துகின்றன என்று கருதினர். மகலிற் சிகிச்சை பெற்றோர் பெரும்பாலும் சாதாரணப் போர்வீரர்களே என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதிகாரிகளுக்கென அமைந்த கிறெய்க்லொக்காட் வைத்தியசாலை, கவிஞர் சீக்பிரீட் சசூன் 1917 இல் அங்கு தங்கியமையால் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. எளிய படையினரின் மகல் அத்தகைய புகழைப் பெறவில்லை.

மகலில் ஒன்றுகூடியோர் பல்வேறு துறைகளைச் சார்ந்தவர்கள். கிறாப்ரன் எலியற் ஸ்மித் உடற்கூற்றியற் பேராசிரியர், ரி. எச். பெயர் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழக உளவியல் விரிவுரையாளர். 1915 இல் அங்கு வந்த டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ் மானிடவியலாளர். றிவேர்ஸ் 1901–02 இல் நீலகிரியிலே தோடர்களிடையே தங்கி அவர்களுடைய உறவுமுறைகளை நுணுகி ஆராய்ந்து, 1906 இல் அவர்களைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டவர். முன்பின் அறியாத மனிதரிடம் பொறுமையாக வினவி, அவர்கள் கூறுவதை அவர்களுடைய வாழ்க்கைச் சூழலில் வைத்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு முன்னரே கைவந்திருந்தது.

போருக்குச் சற்று முன்னரேதான் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சில உளமருத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமாவைத் தொடங்கியிருந்தன. எனவே பயிற்சி பெற்ற வைத்தியர்கள் மிகச் சிலராகவே இருந்தனர். நோயாளரோ பெருந்தொகையினர். போர் முடிவதற்குள் பிரித்தானிய இராணுவத்தில் ஏறத்தாழ 80,000 பேர் இவ்வகை நோய்க்காளாயினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்நிலையிலேதான் 1917 இல் மகலில் இராணுவ வைத்திய அதிகாரிகளுக்கு மூன்றுமாதப் பயிற்சிநெறி ஏற்பட்டது. ஏற்கெனவே பட்டம் பெற்றுத் தொழில் புரிந்த வைத்தியர்கள் மீண்டும் மாணவராயினர். துணைபுரியும் தொழிலினருக்கு மனவடு பற்றி முறையாகக் கற்பித்த முன்னோடி முயற்சிகளுள் இதற்குத் தனியிடம் உண்டு.

அதே ஆண்டில் எலியற் ஸ்மித்தும் பெயரும் ஷெல் அதிர்ச்சியும் அது தரும் பாடங்களும் பற்றி ஒரு சிறுநூலை வெளியிட்டனர். போர்க்களத்திற் காணப்படும் நோய் சமாதான கால வாழ்விலும் உள்ளதே என்பதும், ஆகவே அதற்கான சிகிச்சை நிலையங்களும் பல்கலைக்கழகப் போதனையும் நிரந்தரமாக நிறுவப்படவேண்டும் என்பதும் அவர்கள் வாதத்தின் சாரமாகும்.

அவ்வாதம் போதிய செவிமடுப்பைப் பெறவில்லை. போர் ஓய்ந்ததும் மகலின் பயிற்சிநெறியும் ஓய்ந்தது. 1920 இல் அமைக்கப்பட்ட சவுத்பறோ பிரபு குழு, 1922 இல் வெளியிட்ட அறிக்கையிலே இராணுவ வைத்தியர்களுக்கு இத்துறையில் விசேட போதனை அளிக்கப்படவேண்டும் என விதந்துரைத்தது. ஆயினும் 1939 இல் அடுத்த போர் மூண்டபோது நிரந்தர இராணுவத்தில் உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராகவே இருந்தனர். றிவேர்ஸ் 1922 இலேயே காலமாகிவிட்டார். மயேர்ஸ் தமது பழைய அனுபவங்களை 1940 இலேதான் நூலாக வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்கு முன்னர் கண்டறியப்பட்டவை மீண்டும் முதலிலிருந்து சொல்லப்படவேண்டியிருந்தன.

அமெரிக்காவின் வரலாறும் இதற்கு வேறுபட்டதன்று. 1952 இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலிற் கடும் நெருக்கீட்டின் விளைவான நோய்நிலை ஒன்று இடம்பெற்றிருந்தது. 1968 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது; வியற்நாம் போர் உச்சநிலையில் இருந்த ஆண்டு அது. போரிலிருந்து மீண்ட படையினரும் அவர்களுக்குத் துணைநின்ற வைத்தியர்களும் போராடியதன் பின்னரே, 1980 இன் மூன்றாம் பதிப்பில் மனவடுவின் பின்னரான நெருக்கீட்டு நோய் இடம்பெற்றது. இதற்கிடையில், 1974 இல் தாதியியலாளரான ஆன் பேர்ஜெசும் சமூகவியலாளரான லின்டா ஹோம்ஸ்ரோமும் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களின் மனவடுவை விவரித்தனர். மனவடு போர்வீரனுக்கு மட்டும் உரியதன்று என்பதும், அதனை இனங்காண்பது வைத்தியருக்கு மட்டும் உரிய பணியன்று என்பதும் அவ்வாய்வால் வலுப்பெற்றன. 1990 களில் துணைபுரிவோரின் உள்ளமும் பிறர் துயரைக் கேட்டுக் காயமுறும் என்ற உண்மை ஆய்வுப்பொருளாயிற்று. இவை யாவும் இன்று தாதியர், சமூகப் பணியாளர், உளவளத்துணையாளர் ஆகியோருக்கான பட்டப்பின் கல்வியின் பாடப்பொருளாக அமைந்துள்ளன.

மனவடு பற்றிய ஆய்வு அவ்வப்போது மறதிக்குள்ளாகி வந்துள்ளமையை ஜூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். துயரத்தைக் கேட்பது சமூகத்துக்கு உவப்பானதன்று. ஆகவே அது மறக்கவே விரும்புகின்றது. மகலின் வரலாறு இதனுடன் இன்னொரு காரணத்தையும் சேர்க்கின்றது. அங்கு பெற்ற அறிவு சில மனிதரிடமும் சில நூல்களிலும் மட்டுமே தங்கியிருந்தது. ஆண்டுதோறும் புதிய மாணவரைச் சேர்த்து, அறிவை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நிரந்தரக் கல்விமுறையாக அது உருப்பெறவில்லை. மனிதர் மறைந்தனர், நூல்கள் அலுமாரிகளிலே தங்கின.

இப்பாடம் இலங்கைக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் தமிழரிடையே ஏற்படுத்திய உளத்தாக்கங்களை 1998 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த வடபகுதியில், ஆசிரியர்களும் சமூகமட்டப் பணியாளர்களும் பயிற்றப்பட்டே இப்பணி முன்னெடுக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009 இல் முடிவுற்ற போரும் அதன் தேவையைப் பன்மடங்காக்கின. இத்தகைய பயிற்சிகள் அனர்த்தத்தோடு தோன்றி, நிதியோடு முடிந்துவிடுமாயின் மகலுக்கு நேர்ந்ததே இங்கும் நேரும்.

காயமுற்றோருக்குத் துணைபுரியும் அறிவைப் பேணுவதும் பல்கலைக்கழகத்தின் கடமையே. போரின் ஆரவாரம் அடங்கி, நோயாளரைப் பற்றிய பேச்சும் குறைந்த பின்னரே அக்கடமை உண்மையில் தொடங்குகின்றது. மகலின் வைத்தியர்கள் தாம் கற்றவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஆயத்தமாகவே இருந்தனர். அதனைப் பெறுவதற்கு ஒரு வகுப்பறை திறந்திருக்கவில்லை.