ஒன்பது மில்லிமீட்டர் இருப்புப்பாதை

அதியமான்கோட்டையிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டைப் பக்கமாகப் போகிறது. காலபைரவரை வணங்கவும் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைக் காணவும் வருபவர்கள் பலர். இந்த ஊர்களின் வழியே 1941 வரை ஒரு சிறு புகைவண்டி ஓடியது என்றால் அவர்களுள் பெரும்பாலோர் வியப்படைவர். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்ட குறும்பாதை அது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாதை மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1960களில் தருமபுரி, ஓசூர் வழியாக மீட்டர் பாதை வந்தது. 1990களில் அதுவும் அகலப்பாதையாயிற்று. மொரப்பூர்–தருமபுரிப் பகுதிக்கு மட்டும் புதிய பாதைக்கான அடிக்கல் 2019இல்தான் நாட்டப்பட்டது.

இந்தச் சிறுவண்டியை நாம் நினைவுகூரக் காரணம், மாதிரி ரயில் ஆர்வலர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் நிழற்படங்கள். மேசைமேல் மலையும் நிலையமும் ஊரும் அமைத்து, அதில் சிறு ரயிலை ஓடவிட்டு, படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறவர்கள் அவர்கள். 'லேஅவுட்' என்று அவர்கள் சொல்வது நமக்கு முற்றிலும் அயலானதன்று. நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, நடுவே பொம்மை ரயிலை நிறுத்தும் வீடுகள் நம்மிடம் உண்டு. தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச்செல்ல இயலாவிடினும் அதைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவர்களைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாக்குகிறது. சிறுதேர்ப் பருவம் என்றே பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் இருக்கிறது.

ஆயினும் பொம்மைக்கும் மாதிரிக்கும் வேறுபாடு உண்டு. மாதிரி, அளவுக்குக் கட்டுப்பட்டது. உலகெங்கும் மிகுதியாகப் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாம் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளியாகிய 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தும். நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. ஆகவே கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தில் இந்திய அகலப்பாதை வண்டியை ஓட்டுபவர் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பொய்யைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொரப்பூர்ப் பாதையின் 762ஐ வகுத்துப் பாருங்கள்: 8.76. 'என்' அளவு என்று எங்கும் விற்கப்படும் சிறிய தண்டவாளம் 9 மில்லிமீட்டர்! இன்று ஓடும் வண்டியைக் காட்டிலும், மறைந்துபோன வண்டியையே மேசைமேல் மெய்யாக ஓட்ட முடியும் என்பது விந்தைதான்.

தண்டவாளம் இருந்தால் மட்டும் போதாது. நிலையத்தின் கூரை எத்தனை சரிவு, பெட்டியின் சன்னல் எத்தனை, தண்ணீர்த் தொட்டி எப்பக்கம் என்பவற்றுக்கெல்லாம் படம் வேண்டும். இவ்விடத்தில்தான் படப் பகிர்வு வெறும் பாராட்டுக்குரிய பண்டமாக இல்லாமல் பிரதியாகிறது. சுவடி பெயர்த்தெழுதிய மரபினர் நாம். ஒரே பிரதியாக நின்ற நூலுக்கு என்ன நேரும் என்பதை உ.வே.சா.வின் வாழ்க்கையைப் படித்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் மாண்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன், தம் வீட்டின் நிலவறையில் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்னும் மலைப்பாதையை உருவாக்கினார். (பெயரே குறும்பு, உரக்கச் சொன்னால் குருதி சிந்தித் தோற்றது என்ற பொருள் தொனிக்கும். பெட்டிகளை இழுக்க என்ஜினுக்குப் பதில் ஒரு டைனோசரையும் வைத்திருந்தார்.) தொழிலால் அவர் நிழற்படக்காரர். 1973 ஜனவரியில் அவர் மறைந்தார்; சுமார் பத்து நாள்களில் தீப்பற்றி அந்த அமைப்பின் பெரும்பகுதி அழிந்தது. இன்றும் அது பேசப்படுவதற்குக் காரணம், 'மாடல் ரயில்ரோடர்' போன்ற இதழ்களின் வழியாக அவர் பகிர்ந்த படங்களே.

அப்படங்களின் நுட்பம் எளியது, பொறுமையைக் கேட்பது. மேலிருந்து எடுத்தால் எந்த மாதிரியும் பொம்மையாகிவிடும். தண்டவாளத்தருகே நிற்கும் விரலளவு மனிதனின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும். மிக அருகில் இருப்பதால் என்ஜின் தெளிந்தால் மலை மங்கும். லென்சின் துளையை மிகச் சிறிதாக்கி, நெடுநேரம் ஒளியை உள்ளே விட்டால்தான் இரண்டும் தெளியும். இக்காலத்தில் பல படங்களை வெவ்வேறு தூரங்களில் எடுத்து, கணினியில் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஆலனுடையது கற்பனை நிலம். இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தின் வழி வேறு. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்கிலாந்து என்பவர் (ஆம், பெயரே அதுதான்), கூரை வேய்ந்த சிற்றூர் வீடுகள் மாறிவருவதைக் கண்டு அவற்றை அளந்து சிறிய அளவில் செய்யத் தொடங்கினார். நமக்கு உகந்தது இரண்டாம் வழி என்றே கருதுகிறோம். 1998இல் புனேயில் திறக்கப்பட்ட ஜோஷியின் சிறு ரயில் அருங்காட்சியகம் சிறுவர்களை மகிழ்விக்கிறது, அதுவும் வேண்டியதே. ஆனால் நம் வட்டாரத்தின் ஒரு நிலையத்தை அதன் அளவோடு செய்பவருக்கான தேவை வேறு.

மொரப்பூரையே எடுத்துக்கொள்வோம். சென்னை–சேலம் அகலப்பாதையில் வந்திறங்கியவர் இங்கே சிறுவண்டிக்கு மாறியாக வேண்டும். பாதையின் அகலம் வேறாதலால் சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து மறுவண்டிக்கு மாற்றியாக வேண்டும். ஒரே நிலையத்தில் இரண்டு அகலங்கள். மாதிரி அமைப்பாளருக்கு இதனினும் நல்ல காட்சி அமையாது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரையிலான 29 கிலோமீட்டரை 87ஆல் வகுத்தாலும் 330 மீட்டருக்கு மேல் வரும். எந்த வீட்டிலும் அது அடங்காது. எனவே நிலையத்தை மட்டும் முழுமையாகச் செய்து, வழியைச் சுருக்குவது வழக்கம்.

ஆகவே, செய்து முடித்த மாதிரியைப் படமெடுத்து அனுப்புபவர்கள், அதற்கு மூலமாக இருந்த பழைய படத்தையும் உடன் அனுப்புதல் நலம். முன்பக்க அழகு மட்டும் போதாது. பக்கவாட்டு, கூரை, அடிப்பாகம், அளவுகோல் வைத்து எடுத்த ஒரு படம் ஆகியவையும் வேண்டும். குடும்ப ஆல்பத்தில் நிலையத்தின்முன் நிற்கும் தாத்தாவின் படம் இருப்பின் அதையும் அனுப்பலாம். ஆனால் அழகுக்காக ஓரங்களை வெட்டிவிட வேண்டாம். அவர் கையில் ஊன்றியிருக்கும் குடையின் நீளத்தைக் கொண்டே பின்னால் நிற்கும் பெட்டியின் உயரத்தைக் கணக்கிட்டுவிட முடியும்.